மரபில் உண்டு, அணுகலில் இல்லை

அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. தரை பளபளவென்று இருக்கும், லிஃப்ட் ஓடும், டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். அதற்கு வந்த வியாதி ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை அதன் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. சரிசெய்ய வந்த மென்பொருள்காரர் எல்லாவற்றையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்து எழுதினார். தாய் வகுப்பு ஒன்று, அதிலிருந்து பிறந்த சேய் வகுப்புகள் பல. தாயிடம் இருப்பதெல்லாம் சேய்க்கு மரபாக வந்துவிடும். ஆனால் எதை யார் தொடலாம் என்பதற்கு மூன்று முத்திரை வைத்தார். ஊரே தொடலாம் என்றால் ‘பொது’. தாயும் சேயும் மட்டும் தொடலாம் என்றால் ‘காப்பு’. தாய் வகுப்பைத் தவிர யாரும், பெற்ற சேய்கூடத் தொடக் கூடாது என்றால் ‘அந்தரங்கம்’.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் மக்கர் செய்யவே இல்லை. ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் மூக்கை நுழைக்காததுதான் காரணம் என்று அவர் விளக்கியிருக்கிறார். இயக்குநருக்கு உடனே ஞானோதயம். கம்ப்யூட்டருக்குள் நடப்பது கட்டடத்துக்குள் நடந்தால் என்ன? வார்டுகள் வகுப்புகள் ஆயின, ஆட்களுக்கு முத்திரை அட்டைகள் வந்தன. மென்பொருள்காரர் வேண்டாம் சார், அது வேற, இது வேற என்று கெஞ்சியதாகக் கேள்வி. அவருக்கு அந்தரங்க முத்திரை போட்டு மூன்றாம் மாடியில் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கிருந்து அவர் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது.

இந்த இடத்துக்குத்தான் டிரைவிங் வாத்தியார் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் கார் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ரொம்பப் பொறுமைசாலி. வருஷக் கணக்கில் அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்ததால், எந்த நாற்காலியில் இருந்தாலும் பயம் வந்தால் அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்கும். அன்று காலையிலிருந்து மிதித்துக்கொண்டே இருந்தது. மனைவிக்கு வயிற்றில் வலது பக்கம் அப்படி ஒரு வலி.

வரவேற்பு மேசைப் பெண் எந்த வகுப்பு என்று கேட்டாள். இவர் நோயாளி என்றார். அந்தப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். நோயாளி என்பது கருத்து வகுப்பாம். எல்லா வார்டுகளும் அதிலிருந்துதான் பிறந்தனவாம், ஆனால் அது வெறும் கருத்து என்பதால் அதில் ஆளைச் சேர்க்க முடியாதாம். கருவிழிச் சேய் வகுப்பு, மூட்டுச் சேய் வகுப்பு என்று ஏதாவது ஒன்றில் பொருளாகப் பிறந்தால்தான் படுக்கை. ஆமாம், அங்கே ஆளைப் பொருள் என்றுதான் சொல்வார்கள். மனைவி நாற்காலியில் மடங்கிப்போய்க் கிடந்தாள்.

“என்ன வியாதின்னு சொன்னாத்தான் டாக்டர்கிட்ட அனுப்புவோம் சார்.”

“என்ன வியாதின்னு தெரிஞ்சுக்கத்தானம்மா டாக்டர்கிட்ட வந்தோம்.”

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. தன் அத்தைக்கும் இதே மாதிரி வலி வந்தது, குடல்வால் வீக்கம் என்றார்கள், எதற்கும் அதையே போட்டுவிடுகிறேன் என்றாள். முதல் பரிசோதனை அப்படித்தான் நடந்தது. அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, அது சரியாகவும் இருந்தது.

பெண்கள் அறுவை வகுப்பில் இருந்த மயக்க மருந்து டாக்டர் சின்ன வயதுப் பெண், வேலைக்குப் புதிது. குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம், உடனே அறுக்க வேண்டும் என்றாள். பிறகு எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். ரத்த சொந்தத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?

உண்டு. மனைவியின் அப்பாவுக்கு இதே ஆஸ்பத்திரியில்தான் ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏறியதும் உடம்பு விறைத்து, காய்ச்சல் எங்கேயோ போய், பிழைத்ததே பெரிய காரியம். இதுகூட அவளுடைய அம்மா போனில் அரைகுறையாகச் சொன்னதுதான். அம்மாவும் இப்போது இல்லை. அப்பா பிறகு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகளிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இதைப் பற்றி மட்டுமல்ல, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன மகள் கற்றுக்கொடுத்தவரையே கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து எதைப் பற்றியும் பேசியதில்லை. ஒரே தெருவில் இருந்தார்கள். பேத்தியைக் கொஞ்சுவார், மகளைக் கண்டால் பேப்பரை விரித்துக்கொள்வார்.

“எந்த மருந்து?” என்றாள் டாக்டர்.

தெரியாது.

டாக்டரின் முகம் மாறியது. இது ரத்தத்தில் வருவது, இவளுக்கும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்றாள். அப்படியானால் வேறு மருந்து கொடுங்களேன் என்று வாத்தியார் கேட்டார். யாருக்கும் தோன்றுகிற யோசனைதான். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எந்த மருந்து கொடுப்பது என்பதைத் தாய் வகுப்பான பொது அறுவை முடிவு செய்து, அதன் மேல் ‘இறுதி’ என்று எழுதிவிட்டதாம். தாய் இறுதி என்று சொன்னதைச் சேய் மாற்றக் கூடாது. மாற்ற நினைத்தாலும் முடியாது, ஏனென்றால் மருந்து அலமாரியில் அவள் அட்டைக்குத் திறப்பது அந்த ஒரு தட்டுதான்.

“இன்ன மருந்து ஆகாதுன்னு பேரோட சொன்னா, யார் எதைத் தொடலாம்னு பாக்கற அணுகல் அதிகாரி அடுத்த தட்டைத் திறந்துவிடுவார். உங்க மாமனாருக்கு மருந்து குடுத்த டாக்டர் தாய் வகுப்புல இன்னும் இருக்கார். எனக்கு அவரைக் கூப்பிட உரிமை இல்லை. நீங்க போய்ப் பாருங்க சார், சீக்கிரம்.”

வாத்தியார் ஓடினார். பொது அறுவை வகுப்பு நடைபாதையின் மறுகோடியில் இருக்கிறது. முதலில் ஆண், பெண் எல்லோரும் அதில்தான் இருந்தார்கள். பிறகு ஆண்களைத் தாய் வகுப்பில் வைத்துக்கொண்டு பெண்களைச் சேய் வகுப்பாகப் பிரித்தார்கள். அது ஏன் என்று கேட்டால், ஆண்தான் பொது, பெண் அதில் ஒரு விசேஷம் என்று விளக்கம் சொல்வார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மூத்த மயக்க மருந்து டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் அந்தரங்க முத்திரை. வாத்தியார் கண்ணாடியைத் தட்டி மாமனாரின் பெயரைச் சொன்னதும் அவர் கை அப்படியே நின்றது. ஞாபகம் இருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார். பிறகு மேலே இருந்த கேமராவைப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து டீ குடித்தார். வாத்தியாருக்கு அப்போது வந்த கோபத்தில் கண்ணாடியை உடைத்திருப்பார், காவலாளி வந்து கையைப் பிடித்து அணுகல் அதிகாரியிடம் கூட்டிப்போனான்.

அணுகல் அதிகாரி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மனிதருக்கு அவ்வளவு மரியாதை.

“உங்க மனைவிக்கு அந்த ஒவ்வாமை அப்பாகிட்டேருந்து வந்திருக்கு. அதை யாரும் மறுக்கலை சார். அது அவங்களுக்குள்ளதான் இருக்கு. ஆனா அவங்களால அதைத் தொட முடியாது. மரபில் உண்டு, அணுகலில் இல்லை. எங்க முறையோட அழகே அதுதான்.”

“அவ செத்துப்போனா?”

“அதுவும் அவங்களுக்குள்ளயே நடக்கறதுதானே.”

வாத்தியாரின் கால் பிரேக்கை மிதித்தது. அதிகாரி மேசைக்கடியில் எட்டிப் பார்த்துவிட்டு மேலே தொடர்ந்தார். தகப்பனார் உயிரோடு இருந்தபோது அவரே வாய் திறந்து மகளிடம் சொல்லியிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. தாய்ப்பொருள் தானாகச் சொல்வது எப்போதும் பொது. அதை ஆஸ்பத்திரி கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும். சொல்லவில்லையா? அப்படியானால் சேய் வகுப்புக்கு வழி இல்லை. வேறு யாருக்குத்தான் வழி உண்டு என்று வாத்தியார் கேட்டார். அதிகாரி உற்சாகமாகிவிட்டார், இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்பதில்லை போலிருக்கிறது. ஒரே வகுப்பைச் சேர்ந்த பொருள்கள் ஒன்றையொன்று தாராளமாகத் தொடலாம். பொது அறுவை வகுப்பில் இன்று படுத்திருக்கும் யார் வேண்டுமானாலும், அங்கே என்றைக்கோ படுத்திருந்த யாரைப் பற்றி வேண்டுமானாலும் மூத்த டாக்டரிடம் கேட்கலாம்.

“பெத்த மக கேக்கக் கூடாது, பக்கத்துப் படுக்கைக்காரன் கேக்கலாமா?”

“அவர் அதே வகுப்பு சார். மகள் வேற வகுப்பு.”

அந்த நேரம் இயக்குநர் உள்ளே வந்தார். வெளியூரிலிருந்து வந்த பார்வையாளர்களுக்கு முறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். வாத்தியாரைப் பார்த்ததும் ‘இதோ ஒரு பயனாளி’ என்று தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார். முன்பெல்லாம் ஒரு வார்டில் தப்பு நடந்தால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும். நாலு பேர் ஓடி வருவார்கள், நாலு கேள்வி வரும். இப்போது தப்பு நடந்த இடத்திலேயே இருக்கிறது.

“இந்த முறை வந்ததிலேருந்து ஒரு புகார்கூட என் மேசைக்கு வந்ததில்லை. புகார்ப் பெட்டியை அந்தரங்கம் ஆக்கிட்டோம். எங்க வெற்றியெல்லாம் பொது, தோல்வியெல்லாம் அந்தரங்கம். எந்த வீட்டுல அப்படி இல்லை, சொல்லுங்க?”

பார்வையாளர்கள் கை தட்டினார்கள். வாத்தியாருக்கு அந்தக் கடைசிக் கேள்வி எங்கேயோ போய்க் குத்தியது. நேராகக் கீழே போய் வரவேற்பு மேசையில் தனக்கு ஹெர்னியா என்று சொன்னார்.

அவரைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் ஒரு சிரமமும் வைக்கவில்லை. சட்டை, பேன்ட், செல்போன் எல்லாம் பெட்டிக்குள் போயின. முதுகுப் பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கி வந்தது. ஒரு பயிற்சி டாக்டர் அடிவயிற்றை அழுத்தி இருமச் சொன்னார். இருமினார். மறுபடியும் இருமச் சொன்னார். ஹெர்னியா எங்கேயும் இல்லை. வாத்தியாருக்குப் பயம் வந்துவிட்டது. பயிற்சி டாக்டர் அவரைத் தேற்றினார். இந்த வகுப்பில் பிறந்த எல்லோருக்கும் ஹெர்னியாவுக்கான இடம் கட்டாயம் உண்டு, அதில் மதிப்பு இன்னும் நிரம்பவில்லை, சாயங்காலம் அறுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். முடிந்ததும் நாளை மறுநாள் அழித்துவிடுவோம் என்றும் சொன்னார். வீட்டுக்கு அனுப்புவதற்கு அங்கே அழிப்பு என்று பெயர் என்பது வாத்தியாருக்கு அப்போது தெரியாது.

படுக்கையில் விழுந்ததும் மணியை அடித்தார். மூத்த மயக்க மருந்து டாக்டர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். காத்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்பதற்கு முன்பே மருந்தின் பெயரைச் சொன்னார். வாயில் நுழையாத பெயர். அதை நான் இங்கே எழுதவில்லை. அந்தரங்கம் என்பதால் அல்ல, எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாததால். இறுதி என்று எழுதிப் பெண்கள் வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கும் மருந்தே அதுதான்.

வாத்தியார் எழுந்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்தார்.

“அன்னிக்கு அவர் உடம்பு அனலாக் கொதிச்சுது. ஐஸைக் கொட்டிக் கொட்டித்தான் இறக்கினோம். கண் முழிச்சதும் சொன்னேன், இது ரத்தத்துல வர்றதுங்க, உங்க மககிட்ட இன்னிக்கே சொல்லிடுங்கன்னு. சரின்னார். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, நாங்க பேசிக்கறதில்லை டாக்டர், நீங்களே சொல்லிட முடியுமான்னு கேட்டார். நான்தான் அது உங்க வேலைன்னுட்டேன்.”

வாத்தியார் கையை விடுவித்துக்கொண்டார். யாரால் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது அவருக்குத் தெரியும். மருந்தின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே அந்த அங்கியோடு வார்டு வாசலுக்கு வந்தார். காவலாளி தடுத்தான். இந்த வகுப்பின் பொருள் உள்ளே கேட்டதை வெளியே கொண்டுபோக வழி கிடையாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். ஆபரேஷன் தியேட்டருக்கு என்றார் வாத்தியார். தானாக நடந்து ஆபரேஷனுக்குப் போகிற ஆளை அவன் பார்த்ததில்லை, அப்படி ஒருவனைத் தடுக்க விதியும் இல்லை. கதவைத் திறந்து வணக்கம்கூட வைத்தான். முதுகுப் பக்கம் நாடா அவிழ்ந்து, நடைபாதை முழுக்கப் பொதுவாகிப்போனார் வாத்தியார். அதை இழுத்துப் பிடிக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

தியேட்டர் வாசலில் மனைவி தள்ளுபடுக்கையில் கிடந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, அரைக் கண் மூடியிருந்தது. சின்ன டாக்டர் கையில் ஊசி மருந்தோடு நின்றிருந்தாள். இனிமேல் தள்ளிப்போட்டால் குடல்வால் வெடித்துவிடும், என்ன செய்வது என்று அழாத குறை. அணுகல் அதிகாரியும் இருந்தார். வாத்தியார் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து மருந்தின் பெயரைக் கத்தினார். டாக்டர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள், அதைச் சட்டென்று தட்டில் வைத்தாள்.

இவர் வேறு வகுப்பு, இவர் சொன்னது செல்லாது என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான். காதில் விழுந்ததை விழாததாகக் கொள்ளும்படி டாக்டரையும் கேட்டுக்கொண்டார். அந்தச் சின்னப் பெண் அவரைப் பார்த்தாள், தள்ளுபடுக்கையைப் பார்த்தாள்.

“நோயாளியோட அப்பாவே மககிட்ட சொல்லியிருந்தா செல்லுமா சார்?”

“தாராளமா. ஆனா அதை நோயாளி தன் வாயால சொல்லணும். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது.”

டாக்டர் குனிந்து மனைவியின் காதருகே கேட்டாள். “அம்மா, இங்க பாருங்க. இப்ப அவர் கத்தினாரே, அந்த மருந்து எனக்கு ஆகலை, உனக்கும் ஆகாதுன்னு உங்க அப்பா உங்ககிட்ட சொன்னாரா?”

மனைவி கண்ணைத் திறந்தாள். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“எங்கப்பாவா? எங்கிட்டயா?”

அதிகாரி பேனாவை எடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாத்தியாரின் கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பினாள். பச்சை அங்கியில், நாடா தொங்க, வாயைத் திறக்கக் கூடாமல் நிற்கும் புருஷனைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது. ஆனால் புரிந்ததும் அந்த வார்த்தை வந்துவிடவில்லை. அவளுடைய வாழ்க்கையில் அவள் நிச்சயமாகத் தெரிந்துவைத்திருந்த விஷயம் ஒன்று உண்டென்றால், அது அப்பா அவளிடம் எதுவுமே சொல்லவில்லை என்பதுதான். அதை வைத்துக்கொண்டு அவள் எவ்வளவோ நாள் அழுதிருக்கிறாள், எவ்வளவோ நாள் கோபப்பட்டிருக்கிறாள். அவர் பிணத்தின் முன்னால் உட்கார்ந்தும் அதைத்தான் சொல்லி அழுதாள். இப்போது அதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

“ஆமாவா, இல்லையா?” என்றார் அதிகாரி.

“சொன்னார்” என்றாள். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. “அப்பா சொன்னார். எங்கிட்ட சொன்னார்.”

வலி தாங்கவில்லை என்று நினைத்து நர்ஸ் அவள் நெற்றியைத் துடைத்தாள். அதிகாரி தன் அட்டையால் அலமாரியின் அடுத்த தட்டைத் திறந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இயக்குநர் இதை இப்போது எல்லா மேடைகளிலும் சொல்கிறார். தகப்பன் சொன்ன ஒரு வார்த்தை எல்லா வாசல்களையும் முறைப்படி கடந்து மகளைக் காப்பாற்றியது, முறை வேலை செய்கிறது என்று. வாத்தியாரை ஹெர்னியா இல்லாமலேயே அழித்தார்கள். இடம் மட்டும் காலியாக இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். மூத்த டாக்டர் மாமனாரைப் பற்றிச் சொன்னதை வாத்தியார் தன் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நான்கைந்து முறை வாயெடுத்து அடக்கிக்கொண்டார். இன்றுவரை சொல்லவில்லை. எனக்குச் சொன்னார், அவளுக்குச் சொல்லவில்லை. ஏன் வாத்தியாரே என்று கேட்டால் கிளட்சை மெதுவாக விடு என்கிறார்.

மயக்கம் தெளிந்த மறுநாள் மனைவி முதல் காரியமாகப் போனைக் கேட்டாள். மகள் சித்தி வீட்டில் இருந்தாள். உள்ளே நடந்தது எல்லாம் இனி அந்தரங்கம், சேய்களுக்குச் சொல்லக் கூடாது என்று வார்டு ஆயா நினைவுபடுத்தினாள். மனைவி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மருந்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், மகளைத் திருப்பிச் சொல்ல வைத்தாள், தப்பாகச் சொன்னதும் அதட்டினாள், மறுபடியும் சொல்ல வைத்தாள்.

“இது நமக்கு ஆகாதுடி. சாகற வரைக்கும் மறக்கக் கூடாது. தாத்தா எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொல்றேன்.”

பிறகு குழந்தையின் குரல் வாத்தியாருக்கும் கேட்டது. “தாத்தாதான் உன்கூட பேசவே மாட்டாரேம்மா. எப்ப சொன்னார்?”

மனைவி புருஷனைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

“நேத்துதான்” என்றாள் அவள். “நேத்துதான் சொன்னார்.”